பழைய காருக்கும் மூட்டு வலி உண்டு!

"கார் விஷயமெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடப் போகிற சகோதரிகளே, ஒரு நிமிஷம்!

காரை ஓட்டுவது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். குலுக்கலை வாங்கிக்கொள்வது யார்? பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற நாமும், பிள்ளைகளும், வீட்டுப் பெரியவர்களும்தானே! சின்னக் கார்களில் பின் சீட்டு ஏறக்குறைய பின் சக்கரத்தின் தலைமேலேயே இருக்கிறது. அதனால் பள்ளத்தில் விழுந்தால் முன்னால் இருப்பவருக்கு 'டக்' என்று கேட்பது, பின்னால் இருப்பவருக்கு இடுப்பில் 'ணங்' என்று இறங்கும். ஆகவே இந்த விஷயத்தில் நமக்குத்தான் முதல் உரிமை!

எங்கள் வீட்டில் இருப்பது மாருதி 800. 2004-ல் மாமனார் ஆசையாக வாங்கியது. நம்மில் எத்தனையோ வீடுகளில் இந்த வண்டிதான் முதல் கார். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்துத் தொடங்கி வைத்த தயாரிப்பு, 2014 ஜனவரியில் நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். தயாரிப்பு நின்றாலும் ஓட்டம் நிற்கவில்லை. நம் ஊர்த் தெருக்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினைக் கவனித்துக்கொள்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், புது சீட் கவர் போடுகிறார்கள். ஆனால் காருக்கு அடியில் இருக்கிற 'சஸ்பென்ஷன்' என்கிற சமாசாரத்தை மட்டும், அது சத்தம் போட்டு அழுகிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வில்வண்டி சொன்ன பாடம்

நம் பாட்டி காலத்தில் கட்டை வண்டி என்றும் வில்வண்டி என்றும் இரண்டு உண்டு. கட்டை வண்டியில் மூட்டை ஏற்றுவார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போக வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த வில் வளைந்து கொடுக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அலுங்காது. சஸ்பென்ஷன் என்பதன் மூல சூத்திரம் இவ்வளவுதான்.

ஆனால் வெறும் வில் மட்டும் இருந்தால் ஒரு தொல்லை உண்டு. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் எத்தனை நேரம் ஆடுகிறது? அதே மாதிரி ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் அடுத்த தெரு வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதற்காக வைத்திருப்பதுதான் 'ஷாக் அப்சார்பர்'. டாக்டர் கிளினிக்கில், வங்கியில், கதவைத் தள்ளிவிட்டால் படாரென்று மூடாமல் மெல்ல வந்து மூடுகிறதே, அந்தக் கதவின் தலையில் எண்ணெய் அடைத்த ஒரு கருவி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஷாக் அப்சார்பரும் அதன் உறவுக்காரர்தான். ஒரு குழாய்க்குள் எண்ணெய். அதில் சின்னச் சின்னத் துவாரம் போட்ட ஒரு பிஸ்டன். பிஸ்டன் மேலும் கீழும் போக வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியாகத் திக்கித் திணறிப் போக வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

ஆக, அடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

நம் உடம்பு போலத்தான்!

மாருதி 800-ன் முன்பக்கத்தில் இருப்பது 'மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்' என்கிற அமைப்பு. மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்தது. ஷாக்கையும் சுருள் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக நிறுத்திவிட்டார் மனுஷர். இடமும் மிச்சம், செலவும் மிச்சம். இன்றைக்கும் பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் இதுதான். பின்பக்கம் குறுக்கே ஓர் அச்சு, அதற்கு மேல் இரண்டு சுருள் ஸ்பிரிங், இரண்டு ஷாக்.

இதை நம் உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்களேன், அழகாகப் புரியும். ஸ்ட்ரட் என்பது கால் மாதிரி. அதைக் கீழே பிடித்திருக்கிற 'லோயர் ஆர்ம்' என்கிற இரும்புக் கை, சக்கரத்தை அதன் இடத்தை விட்டு நகரவிடாமல் வைத்திருக்கிறது. அந்தக் கையின் நுனியில் இருப்பது 'பால் ஜாயின்ட்'. நம் இடுப்பு மூட்டில் கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியே, ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் ஒரு இரும்புப் பந்து. அதனால்தான் சக்கரம் மேலும் கீழும் ஆடவும் முடிகிறது, இரண்டு பக்கமும் திரும்பவும் முடிகிறது. இரும்பும் இரும்பும் சேருகிற இடங்களில் ரப்பர் 'புஷ்' போட்டிருப்பார்கள். நமக்கு முழங்காலில் இருக்கிற சவ்வு மாதிரி.

நமக்கு வயதானால் என்ன ஆகிறது? சவ்வு தேய்கிறது, மூட்டில் பசை குறைகிறது, எழுந்தால் 'கட கட' என்கிறது. காருக்கும் அப்படியே! குக்கர் காஸ்கெட் நாளானால் இறுகி வெடித்துப் போகிறதல்லவா? வெயிலிலும் சேற்றிலும் கிடக்கிற ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான் வெடிக்கும். பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வரும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், துரு பிடிக்கும், தளர்ந்துவிடும். ஷாக்கில் இருக்கும் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து, அது வெறும் குழாயாகிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தத் தேய்மானமெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தினமும் ஓட்டுகிறவருக்குப் பழகிப்போய், "வண்டி நல்லாத்தானே இருக்கு!" என்பார். வெளியூரிலிருந்து வந்த மைத்துனர் ஒருநாள் ஏறி உட்கார்ந்து, "என்ன மாமா, கட்டில் மாதிரி ஆடுது!" என்று சொன்னால்தான் உண்டு.

குலுக்கல் உடம்பை என்ன செய்யும்?

முதலில் முதுகு. வினாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழுமாக அதிர்கிற அதிர்வு, உட்கார்ந்திருக்கும் மனித உடம்போடு ரொம்பவும் ஒத்துப்போய்விடும். அதாவது, சீட்டு அதிர்வதைவிட உடம்பு கூடுதலாக அதிரும். கீழ் முதுகுக்கு அது நல்லதல்ல. ஏற்கெனவே இடுப்பு வலி இருக்கும் மாமியாரை, ரப்பர் புஷ் போன காரில் நூறு கிலோமீட்டர் அழைத்துப் போனால், மறுநாள் தைலம் தேய்க்கிற வேலை நமக்குத்தான்!

இரண்டாவது, குழந்தைகளின் வாந்தி. சுமார் 2 வயதுக்கு மேல் 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம். வேகமான குலுக்கலைவிட, சில வினாடிக்கு ஒருமுறை வருகிற மந்தமான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும். கப்பலிலும் மலைப்பாதையிலும் வயிறு புரள்வது அதனால்தான். ஷாக் தளர்ந்த கார் வளைவில் கூடுதலாகச் சாயும், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும், விட்டால் நிமிரும். குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்! எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போவது இருக்கட்டும், ஷாக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியமானது: உயிர். டயர் ரோட்டை அழுத்திப் பிடித்திருந்தால்தான் பிரேக் பிடிக்கும். ஷாக் போன சக்கரம் மேடு பள்ளத்தில் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் அதற்கு ரோட்டில் பிடி இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அந்த ஒரு வினாடியில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால்? புதிய கார்களில் இருக்கிற சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் வசதியெல்லாம் மாருதி 800-ல் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு வாசலிலேயே ஒரு பரிசோதனை

இதற்கு ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். சமதளமான இடம், பகல் வெளிச்சம், ஒரு டேப், நம் கண்ணும் காதும் போதும். ஒரே ஒரு நிபந்தனை: ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. ஜாக்கி நழுவினால் எழுநூறு கிலோ இரும்பு மேலே விழும்.

1. டயரின் காற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் இது. காற்று கூடுதலாக இருந்தால் கார் கட்டை வண்டிபோல் குதிக்கும், குறைந்தால் அசையும். கையேட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். பல வீடுகளில் பாதி வியாதி இதிலேயே குணமாகிவிடும்.

2. கார் நிற்கிற அழகு. பத்தடி தள்ளி நின்று முன்னாலும் பின்னாலும் பாருங்கள். ஒரு மூலை சாய்ந்திருக்கிறதா? சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலுள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இடது வலது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம்.

3. அமுக்கிப் பார்ப்பது. ஒவ்வொரு மூலையிலும் கையை ஊன்றி இரண்டு மூன்று தடவை நன்றாக அமுக்கி, சட்டென்று விடுங்கள். மேலே வந்து ஓர் ஆட்டத்துக்குள் நின்றால் சரி. மூன்று நான்கு முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் ஒன்று, இந்தச் சோதனையில் முழுதாகச் செத்த ஷாக்தான் அகப்படும். பாதி உயிரோடு இருப்பது தப்பித்துவிடும். ஆகவே இதில் தேறிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

4. எண்ணெய்க் கசிவு. பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து டார்ச் அடித்தால் ஷாக் குழாய் தெரியும். லேசான ஈரப் பிசுக்கு பெரிதல்ல. எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பிக் கருப்பாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

5. டயர் தேய்ந்திருக்கும் விதம். நம் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால் நடையில் கோளாறு என்கிறோமே, அதே கணக்கு. டயரின் உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் 'அலைன்மென்ட்' சரியில்லை, அல்லது மூட்டு தளர்ந்திருக்கிறது. உள்ளங்கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக இருந்தால் பெரும்பாலும் ஷாக்கின் வேலை.

6. காது கொடுத்துக் கேளுங்கள். ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சின்னப் பள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் புஷ் அல்லது பால் ஜாயின்ட். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'கிர்ர்' என்றோ ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரியோ சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கிற பேரிங்.

7. பிரேக்கும் திருப்பமும். காலியான சாலையில் மிதமான வேகத்தில் பிரேக் போட்டால் கார் நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? வேகத்தடையைத் தாண்டிய பிறகும் எத்தனை தடவை ஆடுகிறது?

இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய காரியமா? மெக்கானிக்கிடம் போகும்போது "என்னமோ சத்தம் வருதுங்க" என்பதற்கும், "இடது முன் சக்கரத்தில், மெதுவாகப் போகும்போது, சின்னப் பள்ளத்தில் சத்தம் வருகிறது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எங்கள் வீட்டு 'டொக் டொக்'

2024-ல் நடந்தது. காரின் பதிவை மறுபடியும் புதுப்பிக்க வேண்டிய வருஷம். பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பிக்க வேண்டுமே, அதற்காக. அதே சமயத்தில் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து திண்டுக்கல்லிலிருந்து நம் காரிலேயே அழைத்து வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து இடது பக்கம் முன்னால் 'டொக் டொக்' ஆரம்பித்தது.

பெரிய ஒர்க் ஷாப் ஒன்றில் காட்டினோம். (பேர் வேண்டாம், விடுங்கள்.) காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "பழைய வண்டிங்க, மொத்த சஸ்பென்ஷனும் மாத்தணும்" என்று ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்த என் கணவர், "வளைகாப்பு செலவே தலைக்கு மேல இருக்கு. டொக் டொக்குனு கேட்டா கேட்டுட்டுப் போகுது. எல்லாம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெருமுனையில் இருக்கிற மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் காரை இரண்டு ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு ஒரு கடப்பாரையை லோயர் ஆர்முக்கு நடுவில் கொடுத்து லேசாக நெம்பினார். "அக்கா, இங்க வந்து பாருங்க" என்று என்னையும் அழைத்துக் காட்டினார். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸே இல்லாமல் துருப் பிடித்து, நெம்புகிற ஒவ்வொரு தடவையும் பந்து கிண்ணத்துக்குள் 'டக் டக்' என்று ஆடியது.

"இதை இப்படியே ஓட்டினா என்ன தம்பி ஆகும்?"

"ஒருநாள் பந்து கழண்டுக்கும்கா. சக்கரம் வெளிப்பக்கமா படுத்துக்கும். தெருவுல நடந்தா பரவாயில்ல, பைபாஸ்ல நடந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

என் கணவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவை எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். பின் ஷாக் இரண்டிலும் கசிவு. முன் ஸ்ட்ரட் இன்னும் தாங்கும். ஸ்பிரிங் நான்கும் நன்றாகவே இருந்தன. ஆக, முழ நீளப் பட்டியலில் உடனே தேவைப்பட்டவை இவ்வளவுதான்: பால் ஜாயின்ட்டோடு சேர்ந்த இரண்டு பக்க லோயர் ஆர்ம் (வலது பக்கமும் உறை வெடித்திருந்தது), ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ்கள், பின் ஷாக் ஒரு ஜோடி. வளைகாப்புக்கு நான் எடுப்பதாக இருந்த பட்டுப் புடவையை நிறுத்தினேன். அந்தப் பணத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பழைய புடவைக்கு என்ன குறைச்சல்? பெண்ணை அழைத்து வந்த அன்று வழியெல்லாம் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஒர்க் ஷாப்பில் கவனிக்க வேண்டியவை

அந்தத் தம்பி வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில் சில நுணுக்கங்கள் தெரிந்தன. உங்களுக்கும் பயன்படும்.

* ஷாக் மாற்றினால் முன் இரண்டும் சேர்த்து, அல்லது பின் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு காலுக்குப் புது செருப்பும் மறுகாலுக்குத் தேய்ந்த செருப்பும் போட்டு நடக்க முடியுமா?

* ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி, காரின் பாரம் அதன்மேல் இருக்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். கார் தூக்கியிருக்கும்போதே முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புதிதாகப் போட்ட புஷ் ஆறே மாதத்தில் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலர் இதைச் செய்வதில்லை. கேட்டு வாங்குங்கள்!

* புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்க வேண்டும். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று புகுந்திருக்கும். அது வெளியேறினால்தான் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

* முன் ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். கயிறு, கம்பி கட்டிச் செய்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் எகிறினால் ஆளையே அடித்துவிடும்.

* முன்பக்கம் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புது டயரும் சில மாதத்தில் வழுக்கையாகிவிடும்.

* கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றினார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

சாமான் வாங்குவதிலும் ஜாக்கிரதை தேவை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. புது சாமான் கடைகள் வரிசையாக உண்டு. புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் பழையதில் வாங்கலாம். பால் ஜாயின்ட், புஷ், ஷாக் இவற்றைப் பழையதில் வாங்கவே வேண்டாம். அடுத்தவர் பல்செட்டை நாம் வாங்கி மாட்டிக்கொள்வோமா? போலிச் சரக்கும் உலவுகிறது. ஆகவே பில் போட்டுத் தருகிற கடையில், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

'இன்னும் நல்லதாக' மாற்றலாமா?

சிலருக்குப் பழைய காரையே கொஞ்சம் உயர்த்திக்கொள்ள ஆசை வரும். தப்பில்லை. ஆனால் எது உபயோகம், எது வீண் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் எண்ணெய் ஷாக்குக்குப் பதிலாக, அதே அளவில் கிடைத்தால், 'கேஸ்' ஷாக் போடலாம். எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் அடைத்திருப்பார்கள். தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைத்துவிடாமல் அந்த வாயு காக்கிறது. மோர் கடையும்போது நுரை வந்தால் மத்து லேசாகச் சுழலுமே, அதுபோல எண்ணெய் நுரைத்தால் ஷாக்குக்குப் பிடிப்பு போய்விடும். கேஸ் ஷாக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். நீண்ட பயணத்தில் நிதானமாக இருக்கும்.

பாலியூரிதேன் புஷ் என்று கலர் கலராக விற்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும். ஆனால் ரப்பரைவிடக் கடினம். ரோட்டின் அதிர்வு அதிகமாக உள்ளே வரும். பந்தயம் ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சரி. கைக்குழந்தையும் பெரியவர்களும் போகிற குடும்பக் காருக்கு நல்ல ரப்பரே போதும்.

ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகுகிற ரப்பர் துண்டு ஒன்று உண்டு. வண்டி உயரும் என்பார்கள். உயரும்தான், கூடவே அந்த இடத்தில் ஸ்பிரிங் வளைய முடியாமல் விறைத்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு இது முட்டுக் கொடுப்பதே தவிர வைத்தியமாகாது. புது ஸ்பிரிங் ஜோடி போடுவதுதான் வைத்தியம்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது, 12 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் பெரிய கனமான சக்கரம் போடுவது — இரண்டும் வேண்டவே வேண்டாம். கனமான சக்கரத்தை அடக்க அந்தச் சின்ன ஷாக்கால் முடியாது. தவிர, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது.

செலவுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் டயரும் காற்றும், அடுத்து பால் ஜாயின்ட், புஷ், அதற்கடுத்து ஷாக், தளர்ந்திருந்தால் மட்டும் ஸ்பிரிங், கடைசியில் அலைன்மென்ட். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யத் தேவையில்லை. ஆனால் பால் ஜாயின்ட்டை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்கு

1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை வந்த அம்பாஸடரில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, தெரியுமா? 'டார்ஷன் பார்' என்று நீளமான இரும்புக் கம்பி. ஈரத் துண்டைப் பிழிந்துவிட்டால் மறுபடி பிரிந்துகொள்ளப் பார்க்கும் அல்லவா? அந்தக் கம்பியும் முறுக்கிக்கொண்டு, பிறகு தானே பிரிந்து சக்கரத்தைக் கீழே தள்ளும். பின்பக்கம் நம் வில்வண்டியின் பட்டை ஸ்பிரிங்தான். பட்டைகளில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறதா, பட்டைகளைக் கட்டியிருக்கும் 'யு' போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களில் தவறாமல் அடிக்கச் சொல்லுங்கள். மாருதி ஆம்னியிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். அதற்கும் இதே கவனிப்பு.

பணம் செலவில்லாத பழக்கங்கள்

வேகத்தடைக்கு முன்பே பிரேக் போட்டு, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். பிரேக்கை அமுக்கிக்கொண்டே ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடி நேராக உள்ளே வரும்.

ஐந்து பேர் போகிற காரில் எட்டுப் பேர், அதற்கு மேல் கூரையில் அரிசி மூட்டை என்று ஏற்றாதீர்கள். கேஸ் கிட் பொருத்திய காரில் பின்னால் சிலிண்டர் பாரமும் சேர்ந்திருக்கும், கணக்கில் வையுங்கள்.

கர்ப்பிணிகள் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்போடு ஒட்டிப் போட வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவில் வர வேண்டும். நீண்ட பயணம் போகலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை மடியில் வைக்காமல் குழந்தை சீட்டில் வைப்பதே பத்திரம்.

சுமார் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சஸ்பென்ஷனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் 80,000 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடியிருந்தால், வெளியில் கசிவு தெரியாவிட்டாலும் கட்டாயம் சோதிக்க வேண்டும். பழைய காராக இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பார்ப்பது உத்தமம். பள்ளமும் சேறும் சேர்ந்து அந்த மூன்று மாதத்தில்தான் ரப்பரைத் தின்றுவிடும்.

மிக்ஸி சத்தம் மாறினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிற காது நமக்கு. குழந்தையின் இருமலைக் கேட்டே சளி எந்த மாதிரி என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் காதைக் காருக்கும் கொஞ்சம் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த கையோடு, வாசலில் நிற்கிற காரின் நாலு மூலையையும் ஒருதரம் அமுக்கிப் பாருங்களேன்!